கணக்கில் வராத குழம்பு மீன்

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு நான் எங்கள் வீட்டு நிதி மந்திரி ஆனேன். பதவிப் பிரமாணம் எல்லாம் கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று காலையில், அம்மா தன் சுருக்குப்பையை என் மடியில் போட்டாள். "ரெண்டு மாசத்துக்கு வூடு உன் கையில. அரிசிலேர்ந்து கேஸ் வரைக்கும் நீதான் பாத்துக்கணும். கடல் தொறக்கும்போது மிச்சம் இருக்கிறது உன் சைக்கிளுக்கு" என்றாள்.

சைக்கிள்! ஒன்பதாவதுக்கு நான் கடலூர் முதுநகரில் வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். பஸ்ஸில் நசுங்கிப் போவதை நினைத்தாலே அழுகை வரும். ரிப்பேர் கடை வாசலில் யாரோ விற்கக் கொடுத்திருந்த சிவப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்று நின்றது. அதன் மணியை மட்டும் போகும்போதும் வரும்போதும் அடித்துவிட்டு ஓடிவிடுவேன். இப்போது மொத்த சைக்கிளும் என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா விசைப்படகில் தொழிலாளி. அம்மா கூடையில் மீன் எடுத்துப்போய்த் தெருத்தெருவாக விற்பவள். தடைக்காலத்தில் இருவருக்கும் வேலை இல்லை. அரசாங்க நிவாரணம் வரும்போதுதான் வரும். பத்து மாதமும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்தான் அந்தச் சுருக்குப்பையில் இருந்தது. அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிற மந்திரியாக நான் இல்லை. செலவு செய்கிற மந்திரி நான்.

தம்பியைத் துணை மந்திரி ஆக்கிக்கொண்டேன். பருப்பு, எண்ணெய், பால், கேஸ், கரண்ட் பில், போன் ரீசார்ஜ் என்று செல்போனில் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம். தம்பியின் ஐஸ் வெட்டப்பட்டது. அப்பாவின் கடை டீயிலும் கைவைத்தோம். எப்படிக் கூட்டினாலும் சைக்கிள் வந்தது. இவ்வளவு சுலபமான வேலைக்கா பெரியவர்கள் இப்படி அலுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

கணக்கில் மீன் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? எங்கள் வீட்டில் யாரும் காசு கொடுத்து மீன் வாங்கியதே இல்லை. படகு கரைக்கு வந்ததும், பங்குக் காசு தவிர ஆளுக்கு ஒரு பை மீன் குழம்புக்கென்று கொடுத்துவிடுவார்கள். குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி வீட்டுக்கு மீன் வரும்.

கருவாடு ஒரு வாரத்தில் தீர்ந்தது. பிறகு சாம்பார், ரசம், மறுபடி சாம்பார். ஒருநாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பாப்பா, வூட்ல யாருனா மாலை போட்டிருக்காங்களா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் கணக்கை மாற்றவில்லை.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து மாமா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தையோடும் பிள்ளைகளோடும் வருகிறாராம். மாமா என்றால் மீன். கடலோர வீட்டுக்கு வந்தவருக்கு சாம்பார் ஊற்றினால் ஊரே சிரிக்கும்.

"மந்திரி இன்னா செய்யப் போறீங்க?" என்றாள் அம்மா.

நானும் தம்பியும் துறைமுகத்துக்குப் போனோம். தடையில் சேராத சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவந்த கொஞ்சம் மீன்தான் அங்கே இருந்தது. அம்மாவோடு கூடை தூக்குகிற அக்கா ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏய், இங்க பாருங்கடி! நம்ம வூட்டுப் பொண்ணு காசு குடுத்து மீன் வாங்க வந்திருக்கு!" சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வஞ்சிரத்தின் விலையைச் சொன்னாள். தம்பி வாய் பிளந்து, "கிலோவா, கூடையா?" என்றான்.

நானும் விடவில்லை. தெருவில் அம்மாவிடம் பேரம் பேசுகிறவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துவிட்டேன். "நேத்து மீன் மாதிரி இருக்கே."

"இத உங்கம்மா கிட்ட சொல்லிப் பாரு, தெரியும்" என்றாள் அந்த அக்கா.

வாங்கிவிட்டோம். திரும்பும் வழியில் தம்பி, "முன் சக்கரம் போச்சுக்கா" என்றான்.

அன்று குழம்பு கொதித்த வாசனையில் அப்பா அடுப்பங்கரையையே சுற்றி வந்தார். மாமா வறுத்த துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க மச்சான். மீன் சும்மா வருது" என்றார். எனக்குப் புரையேறியது. அப்பா சாப்பிட்ட அழகைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. அதற்குப் பின்னும் இடையிடையே மீன் வாங்கினேன். தடைக்காலம் முடிந்தபோது பையில் இருந்த மிச்சத்துக்கு சைக்கிளின் சீட்டும் மணியும்தான் வரும்.

படகுகள் போயின, வந்தன. தெரு முழுக்க மீன் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் மட்டும் ரசம்! அப்பா கொண்டுவரும் குழம்பு மீனை அம்மா பையோடு கூடையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கேட்டால், "நல்ல வெல போவுதுடி" என்பாள். ஆச்சரியமாக, அப்பா இந்தத் தடவை மாலை போட்டவர் யார் என்று கேட்கவே இல்லை. ரசத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு எழுந்துபோனார். கடலே திறந்துவிட்டது, இந்த அம்மாவின் மனசு திறக்கவில்லையே என்று நான் பொருமினேன்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் பஸ்ஸில் நசுங்கியிருப்பேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசலில் அந்தச் சிவப்பு சைக்கிள்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை அளந்தேன். மணி அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. கடைக்காரர் விலையைக் குறைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூச்சு வாங்க வந்து இறங்கியதும், வெற்றி பெற்ற மந்திரியின் மிதப்பில் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"நாளைக்காவது மீன் கொழம்பு வைப்பியா, இல்ல அதையும் வித்துடுவியா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சைக்கிளைப் பார்த்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வைக்கிறேன்டி. நாளைலேர்ந்து வைக்கிறேன்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை. மறுபடி ஏறி மிதித்தேன்.