ஊழியர் என்று ஒரு கட்டம்

வீட்டில் எல்லோருக்கும் அவள் பூச்சிக்காரி. பேர் வைத்தது அண்ணன். ஒரு வண்டின் காலை வரைய மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்தவன்தான் அந்த வண்டைத் தன் சொத்தாக்கிக்கொண்டவன்.

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று பாடப்புத்தகத்துக்கு அவளிடம் படம் கேட்டது. கூடவே ஒரு வரிப் படிவமும் வந்தது. தங்கள் நாட்டைச் சேராதவர்கள் அதை நிரப்பித் தந்தால்தான் வேலை. தனி ஆளுக்கு ஒரு படிவம், நிறுவனத்துக்கு வேறொன்று. அண்ணனோ வரி ஆலோசகன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவன் தங்கைக்கு நிரப்ப மாட்டானா?

"இதெல்லாம் உனக்குப் புரியாது. அப்பா பேர்ல கம்பெனி இருக்குல்ல, அதுல போட்டுடறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

அப்பா பேர்தானே, நமக்குள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். எறும்பின் உணர்கொம்பில் எத்தனை கணு என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுகிறவள், ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள்மேலும் கோபம் வரத்தான் செய்கிறது.

மூன்று வருடம் போனது. புத்தகம் எங்கே என்று கேட்டபோதெல்லாம், "அவங்க அனுப்ப மாட்டாங்க" என்று அண்ணன் மழுப்பினான். பிறகு ஒருநாள் பதிப்பகத்தின் மின்னஞ்சல் ஒன்று அவளுக்கும் வந்தது. பழைய படிவம் காலாவதியாகிறது, புதிது வேண்டும். வெள்ளிக்கிழமை மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது, படங்களுக்கு இதே பெயர்தானா? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இணைத்திருந்தார்கள். அவள் வரைந்த நூற்றுப்பத்துப் பூச்சிகளுக்குக் கீழே அப்பா பேரில் இருந்த அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தது.

பழைய படிவத்தையும் திறந்தாள். உரிமையாளர்: அண்ணன். அடியில் அவளுடைய கையெழுத்து. பக்கத்துக் கட்டத்தில், கையெழுத்திடுபவரின் பதவி: ஊழியர்.

தட்டில் இருந்த சோறு ஆறிப்போனது. தனி ஆளுக்கான படிவத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்து, தானே நிரப்பி அனுப்பினாள். மறுபதிப்பில் அவள் பெயர் வரும் என்று பதில் வந்தது. ஏற்கெனவே அச்சான பிரதிகளில் ஒன்றும் செய்ய முடியாதாம். அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.

செய்தி தெரிந்ததும் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"யாரைக் கேட்டு அனுப்பினே? என் மானமே போச்சு!"

"நான் வரைஞ்சதுக்கு யாரைக் கேக்கணும்?"

"எல்லாம் வரிக்காகத்தான் செஞ்சேன்."

"கடைசிப் பக்கத்துல என் பேர் போட்டா வரி ஏறுமா?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு குரலை இறக்கினான். இந்த நடிப்பைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"கூடப்பிறந்தவன்டி நான். யாரோ மாதிரி பேசறியே."

அவள் அச்செடுத்து வைத்திருந்த பழைய படிவத்தை அவன் முன்னால் போட்டு, கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் தட்டினாள்.

"கூடப்பிறந்தவன்னு இதுல எங்கேயும் இல்லையேண்ணே. நீங்க முதலாளி, நான் ஊழியர். நீங்களே எழுதியிருக்கீங்க. வேலையை விட்டுட்டேன், போயிட்டு வாங்க."