நாச்சிமுத்து அண்ணன் சிரிக்காத நாடகம்

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றபோதுதான் சேதி வந்தது. தோட்டத்தில் மடை மாற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்த நாச்சிமுத்து அண்ணன் அப்புறம் எழவில்லையாம். "இனி நாடகத்துல உங்களைக் கேள்வி கேக்க ஆளில்லைங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் நாடகம் என்றால் அவர் பேச்சுத்தானா?

எங்கள் ஊர் வடகரப்பதிக்காரர்களுக்குத் தெரியும். வருசா வருசம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு நாங்கள் ஒரே குடும்பத்தின் சிரிப்புக் கதையை, போன வருசம் விட்ட இடத்திலிருந்து ஆடுகிறோம். அந்த வீட்டுக் கிழவன் வேசம் எனக்கு. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முன்வரிசையில் நாச்சிமுத்து அண்ணன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று ஏர் ஓட்டும்போதுகூட வசனம் யோசிப்பேன்.

ஒரு நோம்பிக்கு, "எருமைப்பாலுக் காப்பிங்க, குடிங்க" என்று சம்பந்திக்கு டம்ளரை நீட்டினேன். கீழேயிருந்து அவர் குரல்: "ஏனுங்க பெரியவரே, அந்த எருமையப் போன நோம்பிக்கே கோயிந்தாபுரத்துல வித்துப்போட்டீங்களே. பாலு அங்கிருந்தா வருதுங்க?" கூட்டம் புரண்டு சிரித்தது. வருசம் பூரா யோசித்த என் வசனம் எதற்கும் அப்படியொரு சிரிப்பு வந்ததில்லை.

இன்னொரு நோம்பிக்கு, நாடகத்தில் என் சின்ன மகள் கல்யாணம். நான் தேம்பித் தேம்பி அழுது சிரிக்க வைக்கப்போகும் கட்டம். தாலியை எடுத்ததும் கீழே அண்ணன் எழுந்தார். "நில்லுங்க. மாப்பிள்ளை ஊடு நம்ம பங்காளி ஊடுன்னு முன்ன நீங்கதானுங்க சொன்னீங்க." அப்படியானால் பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை. பெண்கள் பக்கம் சலசலப்பு. "நாடகமா இருந்தாலும் அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டப்படாதுங்க" என்றார் ஒரு பெரியம்மா. மாப்பிள்ளை வேசக்காரன் தாலியைக் கீழே வைத்துவிட்டான். அழுவதற்கு மூச்சை இழுத்த நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

முடிச்சை அவிழ்த்ததும் அவரேதான். "மாப்பிள்ளையோட அப்பன் அந்த ஊட்டுக்கு ஊட்டோட மாப்பிள்ளையா வந்தவருங்க. மொத நாடகத்துல பெரியவரு சொன்னாரே, கொடையோட விருந்துக்கு வந்தவரு, கொடைய மாட்டுன எடத்துலயே தங்கிட்டாருன்னு. பங்காளி ஊட்டுப் பொறந்தவ மகன்னா அத்தை பையன்தானுங்க. கட்டற முறைதான்."

கொட்டகை அதிர்ந்தது. குடை வசனம் என்னுடையது. நான் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை, சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் வாயில் போனதும் அதற்கு அத்தனை கைதட்டல். வயிறு எரியாதா?

இழவு வீட்டிலும் அவர் கேட்ட கேள்விகளைத்தான் ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரித்து, கண்ணைத் துடைத்தார்கள். என் வசனம் ஒன்றுகூட யார் வாயிலும் வரவில்லை. காரியம் முடிந்த பிறகு அவர் மனைவியிடம் போய், "அண்ணன் என் பேச்சுக்கு என்னிக்காச்சும் சிரிச்சிருக்காருங்களா அண்ணி?" என்று கேட்டே விட்டேன்.

"அங்க சிரிச்சா அடுத்த பேச்சு காதுல உழுகாதுன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருப்பாருங்க தம்பி. ஊட்டுக்கு வந்து, நீங்க பேசுன மாதிரியே பேசிக் காட்டி, கட்டல்ல உருண்டு சிரிப்பாரு. போதும் படுங்கன்னு நாந்தான் வெய்வேன்."

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான். காதால் ஒருநாளும் கேட்டதில்லை. அத்தனை வருசமும் கேட்ட அண்ணியை நினைத்தால் இப்போது அவர் மீதும் பொறாமையாக இருக்கிறது.