தூக்குக்குள் கவர்

மகள் இரண்டாம் முறையாக உண்டாகியிருக்கிறாள். முதல் முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. ஏன் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. இந்த முறை மாப்பிள்ளை அவளைச் சென்னையிலிருந்து முன்கூட்டியே செஞ்சிக்குக் கொண்டுவந்து விட்டுப் போனார். வேறொன்றும் செய்யத் தெரியாததால் நான் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வீட்டுவேலை அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவாம், நஞ்சுக்கொடியிலும் இருக்கின்றனவாம். அங்கே அவை என்ன செய்கின்றன என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆளில்லை. சூடாக ஊற்றினால் அதிகம் உதிரும் என்பது மட்டும் தெரிகிறது. எனக்கு அது போதும். கேன் தண்ணீரை நிறுத்தினேன். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையைத் தூக்கி எறிந்தேன். மனைவி அதை எடுத்துவந்து, "இது இன்னா பாவம் பண்ணுச்சு" என்று கழுவி வைத்தாள்.

மகளுக்குக் கடை டீதான் பிடிக்கும். ஒரு சாயங்காலம் எவர்சில்வர் தூக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டீ மாஸ்டர் கொதிக்கும் டீயைக் கவரில் ஊற்றி, நூல் சுற்றி, அந்தக் கவரைத் தூக்குக்குள் பத்திரமாக இறக்கினார்.

"கவர் வேணாம்னுதான தூக்கு எடுத்தாந்தேன்."

"தூக்கு கறையாயிடும் சார்."

"சூட்டுல பிளாஸ்டிக் கரையுதாம்."

"கரைஞ்சா ஓட்டை விழணுமே சார். இன்னிவரைக்கும் ஒண்ணுகூட ஒழுகல."

மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கையிலிருந்த சாம்பார் பொட்டலத்தை ஆட்டிக் காட்டி, "நாங்கல்லாம் இதுலயே வளந்தவங்க" என்றார். திடகாத்திரமாகத்தான் இருந்தார். கவர் டீயை அவரிடமே கொடுத்துவிட்டு, தூக்கில் நேராக வேறு டீ வாங்கிக்கொண்டேன். என் அக்கறை என் குடும்பத்தோடு முடிந்துவிடுகிறது.

வீட்டில் அந்த விவாதத்தை நடித்துக் காட்டினேன். மனைவி சிரித்தாள். வீட்டுக்குள் எனக்குச் சிரிப்பு கிடைப்பது அபூர்வம், அதனால் நீட்டினேன். சூடு, கவர், துகள், நஞ்சுக்கொடி என்று ஒன்று விடாமல்.

மகள் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல தெனமும் கவர் டீதான் நைனா. அப்பவும்."

எப்போது என்று நான் கேட்கவில்லை.

"அதனாலயா போச்சு?" என்று அவளே என்னைக் கேட்டாள்.

"அப்படின்னு யாரும் நிரூபிக்கலம்மா."

"அதனால இல்லன்னு நிரூபிச்சிருக்காங்களா?"

படித்த பக்கங்களையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன். அவள் எழுந்துபோய் டீயைத் தொட்டியில் கொட்டினாள்.

இப்போது ஏழாம் மாதம். எடை ஏறவேயில்லை என்கிறார் டாக்டரம்மா. டீ கிடையாது, பால் பாக்கெட்டில் வருவதால் பாலும் கிடையாது. "உன்னால ஆனதில்லம்மா, சாப்பிடு" என்று தட்டை நகர்த்துகிறேன். படித்ததை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வழி தெரியவில்லை. அவள் சோற்றைப் பார்த்து மெதுவாகக் கேட்கிறாள்:

"இந்த அரிசி எதுல வந்துச்சு நைனா?"

பிளாஸ்டிக் சாக்கில்தான் வந்தது. அது அவள் கண்ணெதிரே, சமையலறை மூலையில் சாய்ந்திருக்கிறது.