குடை மடித்தவர்

பஸ் வந்து நின்றவுடனே தைரியராஜ் ஏறிவிட மாட்டார். வாசல் கம்பியை வலது கையால் ஒரு இழுப்பு, இடது கையால் இன்னொரு இழுப்பு. பிறகு படியில் ஒரு காலை வைத்துப் பாரத்தைக் கொடுத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார். பின்னால் நிற்கும் கூடைக்காரப் பெண்கள் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் பரக்கத் அலிக்கு இது பழகிவிட்டது. விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன சார், பஸ் பாஸா? கெளம்பலாங்களா?" என்பார். "ம், போலாம்" என்று உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் இவர் உள்ளே போய் உட்காருவார். வாரத்துக்கு இரண்டு தடவை, பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குத் தைத்த பந்தல் துணிகளைக் கொண்டு போகிற நாட்களில், இந்தப் பரீட்சை தவறாமல் நடக்கிறது.

இந்த மனிதர் விமானத்திலிருந்து நூற்று அறுபத்து மூன்று முறை குதித்தவர் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். யுத்த காலத்தில் விமானப்படையில் சேர்ந்து பதினாறு வருஷம் இருந்தார். அதில் பத்து வருஷம் ஆக்ராவில் பாராசூட் மடிக்கிற வேலை. மடித்ததோடு நிற்காமல் குதிக்கவும் செய்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, லாரிப் படுதாவும் பந்தல் துணியும் தைக்கிற கடை ஒன்றை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து மூன்று. ஒட்ட வெட்டிய தலை, கஞ்சி போட்ட காக்கி அரை டிராயர். "பேரு தைரியராஜ், பஸ்ஸுல ஏற பயம்" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "பயப்படாதவன நாங்க விமானத்துலயே ஏத்த மாட்டோம்" என்பார்.

மேலேயிருந்து பார்த்தால் தாஜ்மஹால் தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். "தெரியுமாம். நான் பாத்ததில்ல. நான் பாத்ததெல்லாம் என் தலைக்கு மேல. குடை முழுசா விரிஞ்சிருக்கா, கயிறு முறுக்கிக்கிட்டிருக்கா, எங்கயாச்சும் கிழிசல் இருக்கா. அத பாத்து முடிக்கறதுக்குள்ள தரை வந்துடும்." பாராசூட்டை அவர் குடை என்றுதான் சொல்வார். வீரக் கதை கேட்க வந்தவர்கள் இந்தப் பதிலைக் கேட்டு உப்பில்லாத கஞ்சி குடித்தவர்கள் போலத் திரும்பிப் போகிறார்கள்.

ஆனால் மடிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டால் தைரியராஜை நிறுத்த முடியாது. "ஆபத்து ஆகாசத்துல இல்லீங்க, மேசையிலதான் இருக்கு" என்று ஆரம்பிப்பார். ஆளைப் போல ஏழெட்டு மடங்கு நீளமான மேசை. முதலில் பட்டுக் குடை, பிறகு நைலான். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் துணி ஒட்டிக்கொள்ளும். மடிக்கிற அறையில் பீடி கூடாது, பேச்சு கூடாது. "வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவன் அன்னிக்கி மடிக்கக்கூடாது. ஜலதோஷக்காரன் மடிக்கக்கூடாது. தும்மினான்னா மடிப்பு எண்ணிக்கை தப்பிடும்." குதிக்கிறவன் மார்பில் இரண்டாவதாக ஒரு சின்னக் குடை கட்டுகிற வழக்கம் பிற்பாடுதான் வந்ததாம். அதில் அவருக்கு அரை மனசுதான். "நல்லதுதான், இல்லேங்கல. ஆனா ரெண்டாவது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் மொத குடை மேல சில பேருக்கு அக்கறை கொறஞ்சு போச்சு."

மடித்து முடித்ததும் ஒவ்வொரு குடைக்கும் ஒரு கார்டில் மடித்தவன் கையெழுத்துப் போடவேண்டும். சில நாள் காலையில் அதிகாரி திடுதிப்பென்று வந்து, அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றைக் காட்டி, இது யார் மடித்தது என்று கேட்பார். மடித்தவன் அதையே மாட்டிக்கொண்டு அன்றைக்குக் குதிக்கவேண்டும். "அந்த ஒரு பழக்கம் போதுங்க. நூறு சட்டம் எழுதத் தேவையில்ல" என்கிறார்.

இந்தச் சட்டத்தை அவர் திருச்சிராப்பள்ளி முழுவதற்கும் அமல்படுத்திவிட்டதுதான் வேடிக்கை. காந்தி மார்க்கெட் பக்கம் ஹபீபுல்லாவின் மிலிட்டரி ஹோட்டலில் மட்டும்தான் சாப்பிடுவார்; சமையல்காரர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரு மாதம் கவனித்துவிட்டுத்தான் முதல் பிரியாணிக்குச் சொன்னார். சலூனில் உட்காருமுன், "உங்களுக்கு யாருங்க சவரம் பண்றது?" என்று விசாரிப்பார். புத்தூரில் ஒரு டாக்டரிடம் ஊசி போடப் போனவர், "இத நீங்க போட்டுக்கிட்டிருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இவர் தலை தெரிந்தாலே அந்த டாக்டர் கம்பவுண்டரிடம் கைகாட்டிவிடுகிறார்.

சிரிக்கலாம். ஆனால் பத்து வருஷம் பிறர் உயிருக்குக் கையெழுத்துப் போட்ட கை அது. அவர் மடித்த குடை ஒன்றுகூட விரியாமல் போனதில்லை. இருந்தும் ஒவ்வொரு நாளும் கடைசி ஆள் தரையில் நிற்கும்வரை சோறு இறங்காதாம். கடைசிக் கார்டில் கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் படுத்தவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். இனி எந்த உயிருக்கும் பொறுப்பேற்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். "படுதா கிழிஞ்சா நெல்லு நனையும், அவ்வளவுதானே? ஆளு சாகமாட்டான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பார்க்கவேண்டும்.

அவர் மனைவி லூர்துராணி வேறொரு நிம்மதிக்காகக் காத்திருந்தவர். குதித்த நாளெல்லாம் ஆக்ராவிலிருந்து ஒரு தபால் கார்டு வரும்; அதில் 'சுகம்' என்று ஒரே ஒரு வார்த்தை. கார்டு வர நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் ஜெபமாலை கையை விட்டு இறங்காது. ஓய்வு பெற்று வந்த மறுவாரமே வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போய், மாதா முன்னால் சத்தியம் வாங்கிவிட்டார்: இனிமேல் கால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

இரண்டு பேருடைய நிம்மதிக்கும் இந்த ஈஸ்டரில் சோதனை வந்தது. அவர்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். கடைசிக் காட்சியில், உயிர்த்த ஆண்டவரின் கல்லறையைத் திறக்கச் சம்மனசு, அதாவது தேவதூதர் ஒன்று கயிற்றில் வானத்திலிருந்து இறங்கும். போன வருஷம் அது பாதி வழியில் தலைகீழாகிவிட்டது. அல்லேலூயா பாடவேண்டிய பிள்ளை 'அம்மா' என்று அலறியது. கயிறு கட்டித் தரச் சொல்லித் தைரியராஜை ஊரே கேட்டுப் பார்த்தது. அவர் அசையவில்லை. இந்த வருஷம் பங்குச் சாமியார் சம்மனசாகத் தேர்ந்தெடுத்தது ரோசரியை. ரோசரி தைரியராஜின் ஒரே மகள். ஒன்பது வயது, எடை குறைவு, நல்ல குரல். லூர்துராணி பெருமையோடு சரியென்று சொல்லிவிட்டு வந்தார்.

"யாரு கயிறு கட்டறது?" என்று தைரியராஜ் கேட்டார்.

"பந்தல் போடறவருதான், ஸ்ரீரங்கத்து பிச்சமுத்து."

"என் பொண்ணுக்கு நான்தான் கட்டுவேன்" என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. கட்டினவன் முதலில் இறங்கவேண்டுமே!

"மாதா முன்னாடி சத்தியம் பண்ணுனீங்க" என்றார் லூர்துராணி.

"பண்ணேன். அதுக்காக நான் எறங்காத கயித்துல புள்ளைய எறக்க முடியாது."

"அப்ப அவ நடிக்கவே வேணாம்."

இறக்கைக்கு வாங்கி வைத்த ஜிகினாத் தாளைக் கட்டிக்கொண்டு ரோசரி இரண்டு நாள் அழுதாள். வழக்கு சாமியாரிடம் போனது. அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, பதினெட்டு அடி உயரம் ஆகாயக் கணக்கில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை ஒத்திகை. இரட்டைப் படுதா நாடாவில் தைரியராஜ் தைத்திருந்த வார்க்கச்சையை முதலில் ஒரு மணல் மூட்டைக்கு மாட்டி இறக்கினார்கள். மூட்டை ஒழுங்காக இறங்கியது. பிச்சமுத்துவுக்கு அதுவரைக்குமே பொறுமை இல்லை. "பெருமாள் கோயில் உற்சவத்துக்கே பந்தல் போடறவன் நான். என் கப்பியில சந்தேகமா?" என்று முனகினார். தைரியராஜ் சாரத்தில் ஏறி, கச்சையை மாட்டிக்கொண்டு, காலை எடுத்தார்.

எட்டு அடி இறங்கியதும் நின்றுவிட்டார். கிணற்றிலிருந்து கழற்றி வந்த பழைய கப்பி அது. கயிறு சக்கரத்தை விட்டு நழுவி, பக்கத் தகட்டுக்கு நடுவில் இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. காக்கி டிராயரோடு ஒரு மனிதர் அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க, பாட்டுக்குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லூர்துராணி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆக்ராவுல தொங்கினத பாக்கல. இத பாக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கு!"

ஏணி கொண்டுவரக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தைரியராஜ் சிரித்துக்கொண்டே தொங்கினார். அவர் பல் தெரியச் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. "நல்லதாப் போச்சு பிச்சமுத்து! நல்லதாப் போச்சு! எனக்கு மாட்டுச்சு பாருங்க!" என்று மேலேயிருந்தே சொன்னார். ரோசரிக்கு மாட்டவில்லை என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிச்சமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நூல்கூட நுழையாத புதுக் கப்பி ஒன்று கேரியரில் இருந்தது. அதை மாட்டினார். தைரியராஜ் கச்சையை எடுக்கக் கை நீட்டியபோது தடுத்தார்.

"குடுங்க இப்படி. கப்பி என்னுது. நான்தான் மொதல்ல."

பிச்சமுத்துவின் தொந்திக்குக் கச்சை எட்டவில்லை. நாடாவை அவிழ்த்து ஒட்டுப் போடவேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடி "ரங்கா, ரங்கா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அதற்குப் பின் தைரியராஜ் இரண்டு முறை இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசிக் காட்சி. கோயில் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாரத்தின் மேல், நீலத் துணிக்குப் பின்னால், மகளுக்குக் கச்சையைத் தானே மாட்டி, ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார் தைரியராஜ்.

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்" என்றாள் ரோசரி.

"நல்லது" என்றார்.

கயிற்றைப் பிடி பிடியாக விட்டார். ஜிகினா இறக்கைகள் விளக்கில் மின்ன, பிள்ளை நேராக, சுற்றாமல், பூ இறங்குவது போல இறங்கினாள். எட்டாவது அடியில் அவர் மூச்சு நின்றது, கயிறு நிற்கவில்லை. அவள் கால் மேடையைத் தொட்டது, கல்லறைக் கதவு விலகியது, குரல் கணீரென்று எழுந்தது. கூட்டம் முழுவதும் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. கீழே லூர்துராணி ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். பத்து வருஷம் மடித்த குடைகள் அத்தனையும் இப்போதுதான் தரைக்கு வந்து சேர்ந்தன என்று தைரியராஜுக்குத் தோன்றியது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் பிச்சமுத்து ஏணியடியில் வந்து நின்றார். "எறங்கி வாங்க மிலிட்டரி. புள்ள தேடுது."

"கொஞ்சம் மேல வாங்க பிச்சமுத்து."

"ஏன், கயிறு மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்க. காலு நடுங்குது. புள்ள எறங்கறப்ப மொத தடவையா கீழ பாத்துட்டேன். இனி பாக்க முடியல."

பிச்சமுத்து சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தைரியராஜின் பாதத்தைப் பற்றி, குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிறவர் போல ஒவ்வொரு படியிலும் எடுத்து வைத்தார். தைரியராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர் வைத்த இடத்தில் காலை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.