நீலப் படத்தில் ஒரு குங்குமப் பொட்டு

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் நிறம் மங்கிய படம் ஒன்று தொங்குகிறது. ஓர் அறையின் குறுக்குவெட்டு. தரையிலிருந்து பச்சை இழைகள் எழுந்து, நீலத்தில் கரைந்து, கூரையோரத்து வென்டிலேட்டர் வழியாக வெளியேறுகின்றன. அந்த வென்டிலேட்டரின் மேல் ஒரு குங்குமப் பொட்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் இழைகள் இன்னும் அசைகிற மாதிரி இருக்கும்.

படம் அக்காவுடையது. வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்து பொறியியல் படித்தவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்பாதுகாப்புப் பிரிவில் எனக்கு மூத்தவர்; எல்லோருக்கும் அக்கா. திருவொற்றியூரில் எங்கள் கிடங்கின் பாரம் தூக்கும் வண்டிகளுக்கான பேட்டரிகள் ஒரு தனி அறையில் சார்ஜ் ஏறும். அப்போது ஹைட்ரஜன் கிளம்பும். நிறமில்லை, மணமில்லை, கூரையடியில் தேங்கிவிட்டால் வெடிக்க ஒரு பொறி போதும். அது எப்படி எழுந்து எங்கே காற்றோடு கலக்கும் என்று அக்கா கணினியில் கணக்குப் போட்டார். அந்தக் கிழட்டுக் கணினி ஒரு படம் தர வாரக்கணக்கில் முனகும். அக்கா கன்னத்தில் கைவைத்து, தண்ணீருக்கடியில் பாசி அசைவதைப் பார்ப்பவர் போலத் திரையையே பார்த்திருப்பார். எனக்குத் தூக்கம் வரும். கடைசியில் கூரையடி எல்லாம் நீலமாக வந்தது; வாயு ஆபத்தில்லாத அளவுக்குக் கரைந்துவிட்டதென்று பொருள். பயமில்லை என்று எழுதிக் கொடுத்தார். கிடங்கு மேஸ்திரி படத்தை அந்த அறைச் சுவரிலேயே ஒட்டிவைத்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை சும்மா எட்டிப் பார்க்கப் போனோம். அறையைக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். பேட்டரிகளுக்குச் சந்தனம், மாலை. மறுநாள் காலைக்குக் கற்பூரத் தட்டு தயார். அக்கா மட்டும் மேலே பார்த்தார். வென்டிலேட்டரில் கோணிப்பையைத் திணித்திருந்தார்கள். கழுவின இடத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசு விழக்கூடாதென்று வருஷா வருஷம் செய்வதாம். சார்ஜர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மூடிய அறைக்குப் புதிதாகக் கணக்குப் போட்டால், கணினி முடிப்பதற்குள் பூஜையே முடிந்துவிடும். அலுவலகத்தில் இலக்கணமாகப் பேசுகிற அக்கா, மேஸ்திரியிடம் சட்டென்று வீட்டுப் பேச்சுக்குத் தாவினார்.

“மொதல்ல கோணிய உருவுண்ணா. அப்பால சார்ஜர நிறுத்து. கற்பூரம் இங்க வாணாம்.”

“இன்னாம்மா, நீதான பயமில்லேன்னு படம் குட்த்தே? அதோ ஒட்டிகீது.”

“அது தொறந்துகீற ரூமுண்ணா. மூடுனா இன்னா ஆவும்னு நான் போட்டுப் பாக்கல. தப்பு என்னுதுதான்.”

சோறு போடுகிற பேட்டரிக்கு வெளியே நின்றா தீபம் காட்டுவது என்ற வருத்தம் மேஸ்திரியின் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனாலும் அவரே ஏணி வைத்து ஏறிக் கோணியை உருவினார். காலையில் பேட்டரிகளை மாட்டி வண்டிகளை முற்றத்துக்கு ஓட்டிவந்தோம். கடற்காற்றில் கற்பூரம் அணைய அணைய மறுபடி ஏற்றினார்கள்.

மூடிய அறையின் படம் வெகுநாள் கழித்து வந்தது. கூரையடி முழுக்கச் சிவப்பு. மேஸ்திரி அதை நெடுநேரம் பார்த்தார். பின் சுவரிலிருந்த நீலப் படத்தருகே போய், வென்டிலேட்டரின் மேல் குங்குமம் வைத்தார். “இத்த மூடாத வரிக்கும் இந்தப் படம் நெஜம்” என்றார்.

கிடங்கை இடித்தபோது படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போதைய கணினிகள் அதே கணக்கை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகின்றன. நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் தன் கணக்கை முடித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்தாள். “சார், லீக் இந்தச் செவப்புப் புள்ளியிலயா?”

“இல்லம்மா” என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். “வா, நீ கணக்குப் போட்ட ரூம ஒரு தபா நேர்ல பாத்துட்டு வந்துரலாம்.”