கதவ சாத்திக்க

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெரியப்பா ஒருநாளும் "போயிட்டு வரேன்" என்று சொன்னதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, செருப்பை மாட்டிக்கொண்டு "கதவ சாத்திக்க" என்பார். அவ்வளவுதான். அனுசியா பெரியம்மா சாத்தமாட்டாள். அவர் தெருமுனையில் திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பெரியப்பா கொளஞ்சிநாதன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். எங்கள் வீடு பக்கத்து வீடு. அந்த வாசல் சண்டை கேட்டுத்தான் எனக்கு விடியும்.

"வேலைக்குப் போறீங்களா, ஒரேடியா போறீங்களா?"

"தண்ணி வர்ற நேரம். போயி புடி."

"வாயில என்ன கொழுக்கட்டயா?"

காரணம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே யாரோ உறவுக்காரி சொல்லிவிட்டாள். அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய சந்திரலேகாவைப் பெரியப்பா விரும்பியிருந்தார். கூடுதல் சம்பளத்துக்காகக் குஜராத் டைல்ஸ் கம்பெனிக்கு ரயிலேறியபோது, ஜங்ஷனில் அவளிடம், "பொங்கலுக்குள்ள போயிட்டு வந்துர்றேன்" என்றார். லீவு கிடைக்கவில்லை. மாசியில் வந்து இறங்கினார். தையிலேயே அவளை ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"அவளுக்குச் சொன்ன வார்த்தய எனக்குஞ் சொன்னா தேஞ்சா போயிடும்?" பெரியம்மா முன்பெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. கேள்வி மட்டும் நின்றது.

நான் பி.ஏ. முடித்து, வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்பிய அன்று பெரியப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "போயிட்டு வரேன் பெரிப்பா" என்றேன்.

"நீ சொல்லுடா நிலவா. உனக்குப் பலிக்கும்" என்றார். என் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குப் பலிக்கல. பலிக்காத வார்த்தய இவகிட்டயும் சொல்லி, இவளும் இல்லாம போயிட்டான்னா?" என்றார்.

நான் படித்த நாவல்களில் காதலில் தோற்றவன் குடிப்பான், தாடி வளர்ப்பான். இவர் ஒரு சொல்லை மட்டும் விட்டிருந்தார். அந்தச் சொல்தான் பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது. அது அன்பா, பிடிவாதமா? பஸ் உளுந்தூர்பேட்டை தாண்டியும் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் இல்லை.

போன ஆவணியில் நான் லீவுக்கு ஊர் வந்திருந்த ஒரு காலை, பெரியப்பா நெஞ்சு வலி என்று உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றினேன். பெரியம்மா காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள், "இன்னிக்காச்சும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அவர் உதடு அசைந்தது. "கதவ சாத்திக்க."

ரயில்வே கேட்டில் நின்றபோது, "சாத்துனாளா?" என்று கேட்டார்.

"சாத்திட்டாங்க பெரிப்பா" என்றேன். திறந்துதான் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"உங்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியல."

"உங்கமேல உசுரா இருந்ததாலதான் பெரிம்மா..."

"இருந்துட்டுப் போவட்டும். இத்தினி வருசம் வாசல்ல நின்னவ நானு. ஒரு வார்த்த பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாரு. அத நீ வந்து குடுத்தா தீந்துடுமாடா?"