முத்திரை சார் ஏமாற்றிய ஆட்டம்

அவரை நான் முதலில் பார்த்தது என் மளிகைக் கடையில். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த அரசு அதிகாரி. என் தராசில் துளி கோளாறு. தெரிந்து செய்யவில்லை என்று எவ்வளவோ கெஞ்சினேன், மனிதர் அசையவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வியாபாரம் செய்தேன். தராசுகளுக்கு முத்திரை குத்துகிறவர் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு முத்திரை சார் என்று பெயர். நான் வேறு பெயர்களும் வைத்திருந்தேன், அவை இங்கே வேண்டாம்.

அப்படிப்பட்டவரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே அணியில் சீட்டாடினேன். காரணம் அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் சிஸ்டர். எங்கள் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுகிறவர்களில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். யாராவது பக்கத்துக் கைச் சீட்டை எட்டிப் பார்த்தால் போதும், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஆளோடு ஜென்மத்துக்கும் ஆட மாட்டார், பேசக்கூட மாட்டார்.

அவர்கள் இருவரும் ஒரு ஜோடி, நானும் என் மச்சானும் இன்னொரு ஜோடி. வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு நகரத்தில் போட்டிக்குப் போவோம். போகிற ஊரில் அந்தத் தம்பதிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து யாரிடமும் வழி கேட்காமல் போட்டி மண்டபத்துக்கு நடந்தே வருவார்கள். சிஸ்டர் முன்னால், சார் பின்னால். அந்த வருஷம் என்னவோ புத்தி கெட்டு நானும் கூடப் போனேன்.

கடைசி நிறுத்தம் பழைய துணி மூட்டைகள் குவிந்த தகரக் கொட்டகைகளுக்கு நடுவே இருந்தது. சில பெண்கள் தரையில் உட்கார்ந்து கிழிந்த சட்டைகளிலிருந்து பித்தான்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி, இரும்பு பீரோ செய்கிற தெரு. காது கிழிந்தது. அப்புறம் உயரமான குடியிருப்புகள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஈரப் போர்வை. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஒரு தையல்காரர். வலது பக்கம் திரும்பி நடந்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே தொட்டி, அதே தையல்காரர். மூன்றாவது தடவை அவரே தலையைத் தூக்கிச் சிரித்தார். எனக்குக் கால் விட்டுப்போயிருந்தது. வாயைத் திறக்கப் போனேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"இந்தப் பக்கத்தை நிதானமா பாக்கணும்னுதான் நானும் நெனச்சேன்," என்றார் மனைவியிடம். பிறகு தொலைவில் ஒரு சுவரொட்டியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி இடது பக்கம் நடந்தார். சிஸ்டர் பின்னால் போனார். பெண்டாட்டியிடம் இப்படிக் குழைகிறவரா என் தராசைப் பிடுங்கினார் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் அரையிறுதி. பிரிட்ஜ் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிரெதிரே உட்காருகிற இருவர் கூட்டாளிகள். கூட்டாளிக்கு வாயாலோ சைகையாலோ எதுவும் தெரிவிக்கக் கூடாது. கண்ணைச் சிமிட்டினால்கூட வம்பு. எங்கள் ஜோடி அடுத்த அறையில் ஆடிக்கொண்டிருந்தபோது நடுவரின் ஆள் வந்து, அணித் தலைவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்.

உடைந்த நாற்காலிகள் அடுக்கிய ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள். இந்தப் பக்கம் சாரும் சிஸ்டரும். எதிரணி இன்ஜினியர் புகார் கொடுத்திருந்தார்: சார் விரலால் மேசையைத் தட்டித் துருப்பு எது, அதாவது அந்த ஆட்டத்தில் எந்த வகைச் சீட்டு மற்றதை வெட்டும், என்று மனைவிக்குச் சொல்கிறார். கிளாவருக்கு ஒரு தட்டு, டைமனுக்கு இரண்டு, ஹார்ட்டினுக்கு மூன்று, இஸ்பேடுக்கு நான்கு. ஏழு ஆட்டங்களில் குறித்து வைத்திருந்தார்.

சிஸ்டர் கொதித்துப்போனார். "யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? முப்பத்தாறு வருஷம் ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம வேலை பாத்த மனுஷன் சார் இவர்! துருப்பு எதுன்னு எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

தலைமை நடுவருக்கும் அதுதான் புரியவில்லை. "துருப்பு எதுன்னு ஆட்டம் தொடங்கும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சுடுது. அதை எதுக்கு சார் தட்டிக் காட்டணும்? ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. கேட்டுக்கறோம்."

சார் மனைவியைப் பார்த்தார். அவர் இன்னும் நடுவர்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

"காரணம் ஒண்ணும் இல்ல. ஏமாத்தினேன். இன்னும் என்னென்னவோ தட்டினேன், இன்ஜினியர் கண்ணுல பட்டது இவ்வளவுதான்," என்றார் சார். "அவளுக்கு எதுவும் தெரியாது. வீட்ல விளையாட்டு மாதிரி அந்தத் தட்டுக்குப் பழக்கிட்டேன். அவ மேல தப்பு இல்ல."

சிஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கணவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். சாருக்கு ஆயுள் தடை. எங்கள் அணியும் அதோடு காலி.

வாசலில் அவரைப் பிடித்து உலுக்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடிக்கவே கை ஓங்கினேன். "என் தராசைத் தூக்கிட்டுப் போன யோக்கியன்தானே நீங்க!"

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வருஷமா அவளுக்கு மறந்து மறந்து போகுது, கடைக்காரரே. துருப்பு எதுன்னே ஆட்டத்துக்கு நடுவுல மறந்துடுது. நேத்து தொட்டியைச் சுத்தினீங்களே."

"அதை உள்ள சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே!"

"அவ பக்கத்துல உக்காந்திருந்தா. அவங்க அம்மாவுக்கு இதே வியாதி. ஒம்பது வருஷம் அவதான் பாத்துக்கிட்டா. எனக்கு வந்தா எனக்குத் தெரியவே கூடாது, சத்தியம் பண்ணுங்கன்னு கேட்டா. பண்ணிட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் சிஸ்டர் என் மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊர் வரும்வரை கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளப்பில் சாரின் பெயரை அடித்தார்கள். கடைத்தெருவில் என் போன்றவர்கள் வாய்க்கு நல்ல தீனி. அத்தனை பேரும் சிரித்தபோது உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சார் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

நான்கு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைத் தெரியவில்லை. சுவரில் இருந்த மகளின் படத்தைக் காட்டி யார் என்று என்னையே கேட்டார். தான் நர்ஸாக இருந்ததும் நினைவில் இல்லை. தனக்கு வியாதி என்பதும் தெரியாது. சத்தியம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

சார் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தார். சிஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தாளு சீட்டுல ஏமாத்துவான்," என்றார் என்னிடம், தெளிவான குரலில். "பெரிய இடத்துல மாட்டிக்கிட்டான். அவன் குடுக்கறதை நம்பி வாங்காதீங்க."

சார் டம்ளரை என் கையில் கொடுத்தார். "நீங்களே குடுத்திடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் உள்ள போகல. நான் கொஞ்சம் வெளிய நிக்கறேன், என்னைப் பாத்தா முழுங்க மாட்டா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் நீட்டினேன். சிஸ்டர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினார்.